செல்ஃப் ஸ்டார்ட் வந்த கதையும், அது எடுக்காதபோது பார்க்க வேண்டியதும்



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் காஞ்சிபுரத்து மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "செல்ஃப் எடுக்க மாட்டேங்குது" என்பதுதான். புது பைக்குகள் பலவற்றில் கிக்கரே கிடையாது. பொத்தான் வேலை செய்யாவிட்டால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பொத்தானின் வரலாறு தெரிந்தால் கோளாறு எங்கே என்பதும் பாதி தெரிந்துவிடும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கதை காரில் தொடங்குகிறது. அந்தக் காலத்துக் காரின் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி, கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும். இதற்கு வழி கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன்பு கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டாம், ஒரு நொடி பலமாக இழுத்தால் போதும். காருக்கும் அதுவே போதும் என்று அவருக்குத் தோன்றியது. 1912 மாடல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட் வந்தது.

இங்கேயே முதல் பாடம் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சில நொடி வேலைக்காகவே செய்யப்பட்டது. 5 நொடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள். காயில் சூடாகிக் கருகிவிடும். கொஞ்சம் விட்டு மறுபடி அழுத்துங்கள்.

1914-இல் 'இந்தியன்' என்ற அமெரிக்க நிறுவனம் 'ஹெண்டி ஸ்பெஷல்' என்ற மோட்டார் சைக்கிளில் செல்ஃப் வைத்தது. (பெயர்தான் இந்தியன், நம் நாட்டு நிறுவனம் இல்லை!) அன்றைய பேட்டரி தாக்குப்பிடிக்கவில்லை, கைவிட்டுவிட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிளுக்குக் கிக்கர்தான் கதி. ஹார்லி டேவிட்சன் தன் பெரிய வண்டிக்கு செல்ஃப் கொடுத்ததே 1965-இல்தான்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு பரீட்சை. டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, ஆம்ப்ஸ் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக மிதித்து, பிறகு ஒரே உதை. தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். காலில் வலு இல்லாதவர்கள், வயதானவர்கள், புடவை கட்டிய பெண்கள் பின்சீட்டில்தான் உட்கார வேண்டியிருந்தது.

1984-இல் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்தது. கியர் இல்லை, பொத்தானை அழுத்தினால் போதும். "இதெல்லாம் சொகுசு" என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆனால் ஆசிரியைகளும் நர்சுகளும் வங்கிக்குப் போகும் பெண்களும் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப, இந்தப் பொத்தான் வழி திறந்தது. அதைச் சொகுசு என்று நான் சொல்லமாட்டேன்.

புல்லட்டுக்கும் 2000-க்குப் பிறகு செல்ஃப் வந்தது. 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் திறந்தன. தறிக்குழியில் கால் வைத்த குடும்பத்துப் பிள்ளைகள் இன்று அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறுகிறார்கள். 2021-இல் வந்த புது கிளாசிக் 350-இல் கிக்கரே இல்லை.

சரி, செல்ஃப் எடுக்கவில்லை. என்ன செய்வது? பாவில் இழை அறுந்தால் நெசவாளி பாவு முழுவதையும் மாற்றுவதில்லை. எங்கே அறுந்தது என்று தேடி முடிச்சுப் போடுகிறார். அதே முறைதான். காதைத் தீட்டிக்கொண்டு வரிசையாகப் பாருங்கள்.

1. எந்தச் சத்தமும் இல்லையா? கில் சுவிட்ச், நியூட்ரல், கிளட்ச், சைடு ஸ்டாண்டு பாருங்கள். ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். ஹாரன், லைட்டும் இல்லையென்றால் மெயின் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல் பாருங்கள்.

2. 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டு, லைட் மங்குகிறதா? பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பூத்துப்போய் இருக்கும். முழு சார்ஜில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அழுத்தும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம்.

3. 'டிக்' கேட்கிறது, ஆனால் லைட் மங்கவே இல்லையா? மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. ரிலே, ஒயர், மோட்டாருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. மோட்டார் மட்டும் 'விர்' என்று சுற்றி, எஞ்சின் அசையவில்லையா? இரண்டையும் இணைக்கும் ஒன்வே கிளட்சில் கோளாறு.

5. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் கிளம்பவில்லையா? செல்ஃப் மேல் குற்றமில்லை. பெட்ரோல், பிளக் பக்கம் போங்கள்.

1914-இல் தோற்ற இடம் பேட்டரி. இன்றும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். "முழு மோட்டாரையும் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "பேட்டரி வோல்டேஜ் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தலாம். வண்டியைச் சும்மா நிறுத்திவைத்திருக்கும் என் வயதுக்காரர்கள், வாரம் ஒருமுறையாவது 20 நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரி பிழைக்கும்.

குறிப்பாக என் மாணவிகளுக்கு: இது ஆண்கள் விஷயம் என்று ஒதுக்காதீர்கள். உங்களை இன்னொருவர் தயவில்லாமல் கிளம்ப வைத்த பொத்தான் இது. அது மக்கர் செய்யும்போது என்ன பார்ப்பது என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் கடை நடத்தும் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன்.

ஹெல்மெட் போடுங்கள். நலமுடன் வாழ்க!