டிஎக்ஸ்பெடிஷன்: புதிய ஆபரேட்டருக்கான இயக்க நடைமுறை

டிஎக்ஸ்பெடிஷன் என்பது, ஹாம் வானொலியில் அரிதாகவே கேட்கும் தீவுக்கோ நாட்டுக்கோ கருவிகளைச் சுமந்து சென்று, சில நாட்களுக்குள் உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் இயன்ற அளவு தொடர்புகொண்டு திரும்பும் பயணம். தொலைவைக் குறிக்கும் தந்திச் சுருக்கமான 'டிஎக்ஸ்' இதன் பெயரில் ஒட்டியிருக்கிறது. 1923-இல் டொனால்ட் மக்மில்லனின் ஆர்க்டிக் பயணத்தில் டான் மிக்ஸ் என்ற ஹாம் 'போடன்' கப்பலில் சென்றதை முன்னோடியாகச் சொல்வதுண்டு. ஆனால் அங்கே வானொலி பயணத்துக்காக இருந்தது. வானொலிக்காகவே பயணம் என்பது ஒரு பட்டியலால் வந்தது. எதை 'நாடு' என்று எண்ணுவது என கிளின்டன் டிசோட்டோ 1935-இல் 'கியூஎஸ்டி' இதழில் வகுத்தார். அதன் மேல் 1937-இல், பல நாடுகளைத் தொடர்புகொண்டவர்களுக்கான டிஎக்ஸ்சிசி விருது எழுந்தது. அரசியல் எல்லையோடு கடல் இடைவெளியும் கணக்கில் சேர்ந்ததால், அந்தமானும் லட்சத்தீவும் அதில் இந்தியாவிலிருந்து பிரிந்த தனி உருப்படிகள். இன்று பட்டியலில் 340 உருப்படிகள் உள்ளன. ஆளில்லாப் பாறைக்கும் ஆயிரக்கணக்கானோர் காத்துக் கிடப்பது இதனால்தான்.

அப்படிக் காத்திருப்போர் ஒரே நேரத்தில் அழைக்கும் கூச்சலுக்குப் 'பைலப்' என்று பெயர். புதிய ஆபரேட்டர் முதலில் தடுமாறுவது இங்கேதான். கூச்சலுக்கு அழைப்பவர்களின் பொறுமையின்மையே காரணம் என்பது பொதுவான புகார்; உண்மையில் அதைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் தீவில் மைக் பிடித்திருப்பவரே. 14.195 மெகாஹெர்ட்ஸில் பேசி, அதற்கு 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்பது 'ஸ்பிளிட்' முறை. இதனால் தீவின் குரல் கூச்சலில் மூழ்குவதில்லை. எங்கே கேட்கிறோம் என்பதையும் சொந்த அழைப்புக்குறியையும் அடிக்கடி சொல்ல வேண்டும். அழைப்புக்குறியில் மூன்று எழுத்து மட்டும் காதில் விழுந்தால், அந்த மூன்றையே திருப்பிச் சொல்லி, அந்த ஆள் கிடைக்கும்வரை வேறு யாருக்கும் பதில் தரக்கூடாது. ஒருமுறை உரக்கக் கத்தியவருக்கு இடம் கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்று பைலப் முழுவதும் கற்றுக்கொள்ளும். கிடைத்தவருக்குச் சிக்னல் தரத்தைச் சொல்லும் '59' மட்டும் போதும். (சிக்னல் எவ்வளவு நலிந்திருந்தாலும் எல்லோருக்கும் 59 தான், இந்தப் பொய்யை யாரும் பொருட்படுத்துவதில்லை.) 2011-இல் கிரிட்டிமாட்டித் தீவுக் குழு சுமார் நான்கு வாரங்களில் 2,13,000-க்கும் மேற்பட்ட தொடர்புகளைப் பதிந்தது. அதன் நிலையங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், இரவு பகலாக நிமிடத்துக்கு ஐந்துக்கும் மேல். இந்த எண்ணிக்கையை வேகமாகப் பேசி எட்ட முடியாது; ஒரே தாளத்தில் பேசித்தான் எட்டலாம்.

வேண்டுமென்றே குறுக்கே ஒலிபரப்புவோரை எந்தத் தாளம் அடக்கும் என்று கேட்கலாம். அடக்காதுதான், ஆனால் அவர்களுக்குப் பதில் பேசுவது அவர்கள் விரும்பியதையே தருவதாகும். கூச்சலைக் குறைக்க, அழைப்புக்குறியில் உள்ள எண்ணின்படி 0 முதல் 9 வரை பிரித்து அழைப்பது எளிது என்று புதியவருக்குத் தோன்றும். தொடங்கினால் 9 வரை முடித்தாக வேண்டும். பாதியில் விட்டால், அதுவரை அடங்கியிருந்தவர்களே முதலில் சீறுவார்கள். நிறுத்தத் தெரிவதும் நடைமுறையில் சேர்ந்ததே. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானில் இயங்கிய குழு, 26-ஆம் தேதி சுனாமி வந்ததும் பைலப்பை விட்டுவிட்டு அவசரச் செய்தித் தொடர்புக்கு மாறியது.

குரல் பைலப்பைப் போலன்றி, 2017-இல் வந்த எஃப்டி8 டிஜிட்டல் முறையில் அழைப்பு, பதில், பதிவு ஆகியவற்றில் பெரும்பகுதியைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. பயணக் குழுக்கள் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன.