சயாம் பாதையில் கற்ற ஜப்பானிய மொழி

ஒருவன் ஓர் அயல்மொழியை எவ்வாறு கற்றான் என்பதை அறிய வேண்டுமானால், அவன் முதன்முதல் கற்ற பத்துச் சொற்களைக் கேட்டாற் போதும். அம்மொழியினர் அவனை எவ்வாறு நடத்தினர் என்பதை அச்சொற்களே சொல்லிவிடும். நம் முன்னோர் மைசூருக்கு வந்து குடியேறிய நாளில் முதலில் கற்ற கன்னடச் சொற்கள் யாவை? ‘பன்னி’ என்று அழைத்தார்கள். ‘ஊட்டா ஆய்த்தா’ என்று வினவினார்கள். வருகவென்றும் உண்டீரோவென்றும் கேட்ட மக்களிடம் கற்ற மொழி நமக்கு இனித்தது, இன்றும் இனிக்கின்றது. ஆனால் எல்லாத் தமிழருக்கும் எல்லா நாட்டிலும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. அதனைப் பற்றியே இம்மலரில் சில சொல்ல விழைகின்றேன். யான் பத்தாம் வகுப்புவரை பயின்று புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதுபவன்; வரலாற்று அறிஞன் அல்லேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

சில மாதங்களுக்கு முன் பெங்களூர் செல்லும் காலை வண்டியில் நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் எதிரில் அமர்ந்திருந்தார். வழியில் பிடதி என்னும் ஊரில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலை 1999 முதல் நடந்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். அதனைச் சார்ந்த தொழிலகம் ஒன்றில் அவருக்கு வேலை. கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜப்பானியச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ‘ஒஹாயோ கொசாய்மசு’ என்றால் காலை வணக்கம். ‘அரிகாதோ’ என்றால் நன்றி. ‘சுமிமாசென்’ என்றால் பொறுத்தருள்க. பிறகு எண்களுக்கு வந்தார். “இச்சி, நி, சன், யோன்” என்றார்.

“தம்பி, நான்குக்கு ‘ஷி’ அல்லவா?” என்றேன்.

அவர் வியப்புடன் நிமிர்ந்து, “அதுவும் சரிதான், மாமா. ஆனால் ‘ஷி’ என்னும் ஒலிக்குச் சாவு என்றும் பொருள் உண்டாம். அதனால் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ‘யோன்’ என்பார்களாம். அங்கே சில மருத்துவமனைகளில் நான்காம் எண் அறையே கிடையாதாம். உங்களுக்கு ஜப்பானிய மொழி எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தது அந்தப் பத்து எண்களே. அவற்றை எனக்குக் கற்பித்தவர் என் பாட்டனாரின் தம்பி. மலேயாவில் இரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர். நாங்கள் சிறுவராய் இருந்தபோது திண்ணையில் அமர்ந்து, “இச்சி, நி, சன், ஷி, கோ, ரொக்கு, ஷிச்சி, ஹாச்சி, கு, ஜூ” என்று எண்ணிக் காட்டுவார். எங்களுக்கு அது விளையாட்டு. ஒரு நாள் அவர் எப்போதோ சொன்ன ‘பங்கோ’ என்ற சொல்லை யான் உரக்கக் கூவினேன். தூணில் சாய்ந்திருந்த அந்த முதியவர் சட்டென்று எழுந்து, கைகளை உடலோடு ஒட்டி, விறைத்து நின்றார். அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து நூல்களைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலேயாவில் கோத்தா பாருவில் இறங்கிற்று. எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்நகரின் பெயர் ‘ஷோனான்’ என மாறிற்று. தெற்கின் ஒளி என்பது அதன் பொருள். கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளித் தோக்கியோ நேரம் ஆக்கினர். 1942ஆம் ஆண்டு ஜப்பானியக் கணக்கில் 2602 ஆயிற்று. பள்ளிகளில் ‘நிப்பொன்-கோ’ என்னும் ஜப்பானிய மொழி பாடமாயிற்று. மாணவர் காலையில் ஜப்பானிய நாட்டுப்பண் பாடி, பேரரசரின் அரண்மனை இருக்கும் திசை நோக்கி வணங்கினர். தெருவிற் செல்வோர் காவல் நிற்கும் படைவீரன் முன் நின்று குனிந்து வணங்கவேண்டும். மறந்தால் கன்னத்தில் அறை விழும். ஜப்பானியப் படைக்குள்ளேயே மேலோர் கீழோரை அறைவது வழக்கமாயிருந்தது. அவ்வழக்கமே மக்கள்மீதும் பாய்ந்தது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குனிந்து வணங்குதல் ஜப்பானியரின் அழகிய வழக்கங்களுள் ஒன்று. நம் கைகூப்புதல் போன்றது அது. ஒருவர் குனிந்தால் மற்றவரும் குனிவர். வணிகர் வாங்க வந்தவரை வணங்குவார், மாணவர் ஆசிரியரை வணங்குவார். ஆனால் மலேயாத் தமிழர் கண்டது திரும்பி வராத வணக்கம். திரும்பி வராத வணக்கம் பண்பாடு ஆகுமோ?

தோட்டங்களில் நிலைமை இன்னும் கொடிது. இரப்பர் ஏற்றுமதி நின்றதால் வேலையும் கூலியும் அற்றுப் போயின. அவ்வேளையில்தான் சயாமுக்கு ஆள் சேர்த்தனர். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியே பண்டம் அனுப்புவது, நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களால் இடர் மிகுந்ததாயிற்று. ஆகவே சயாமில் பான்போங் அருகிலிருந்து பர்மாவில் தன்பியூசயாத் வரை காடும் மலையும் ஊடுருவி 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட முனைந்தனர். மைசூரிலிருந்து பெங்களூருக்கு மும்முறை செல்லும் தொலைவு அது. மீட்டர் பாதைதான், 1990களில் அகலமாக்கப்படும்வரை நம் மைசூர்ப் பாதை இருந்ததுபோன்ற அதே மீட்டர் பாதை. மலேயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்தும் அதற்குக் கொண்டு சென்றனர்.

நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, உணவும் உறைவிடமும் உண்டு என்று சொல்லி அழைத்தனர். பின்னர் லாரியில் வலிந்து ஏற்றியும் சென்றனர். மலேயாவிலிருந்து சென்றோர் எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர்; அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். மூடிய சரக்கு வண்டிகளில் நாட்கணக்கில் பயணம். அதன்பின் காட்டு வழியே நடை.

அங்கே அவர்கள் கற்ற மொழி என்ன? விடியலில் ‘தெங்கோ’, ஆள் கணக்கெடுப்பு. ‘கியோத்சுகே’ என்றால் விறைத்து நில். ‘பங்கோ’ என்றால் வரிசையாக எண்ணிக்கை சொல். தன் எண்ணைத் தவறாகச் சொன்னவனுக்கு அடி. ‘ஹாயாகு’ என்றால் விரைவு. 1943இல் வேலையை முடுக்கிய மாதங்களில் ஆங்கிலச் சொல்லையே ‘ஸ்பீடோ’ என்று திரித்துக் கூவினர். ‘கொரா’ என்றால் அடே. ‘பாக்காயாரோ’ என்றால் மடையனே. ‘மெஷி’ சோறு, ‘மிசு’ தண்ணீர், ‘பியோக்கி’ நோய், ‘தாமே’ முடியாது. நோயென்று சொன்னவனுக்குப் பலமுறை கிடைத்த மறுமொழி அந்தக் கடைசிச் சொல்லே. நன்றி என்ற சொல் அங்கே பயன்படவில்லை. பொறுத்தருள்க என்ற சொல்லும் பயன்படவில்லை.

1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவிற்று. போர்க் கைதிகளாயிருந்த வெள்ளையரிடையே மருத்துவர் இருந்தனர். கட்டுப்பாட்டை நடத்தும் அதிகாரிகள் இருந்தனர். நம் தோட்டத் தொழிலாளருக்கோ பெரும்பாலும் யாருமில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று தமிழில் எடுத்துச் சொல்லவும் ஆளற்ற முகாம்களில் மக்கள் கூட்டங்கூட்டமாய் மாண்டனர். 1943 அக்டோபர் 17ஆம் நாள் இருபுறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. அதற்குள் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரும், ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேரும் மாண்டனர் என மதிப்பிடுவர். நான்காம் எண்ணைத் தன் வீட்டில் சொல்ல அஞ்சும் ஒரு மக்களினத்தின் படையினர், அந்த எண்ணை நாள்தோறும் நம்மவர் வாயால் சொல்ல வைத்தனர். சொன்னவருள் எத்தனையோ பேர் மறுநாள் வரிசையில் இல்லை.

நடுநிலை தவறாது ஒன்று கூறவேண்டும். அக்காலத்தே ஜப்பானிய மொழியைத் தன்மானத்தோடு கற்ற தமிழரும் உண்டு. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சேர்ந்தனர். அவ்விராணுவத்தின் சார்பில் இளைஞர் நாற்பதுக்கு மேற்பட்டோர் ஜப்பானுக்குச் சென்று படைப்பயிற்சி பெற்றனர். அவர்கள் அம்மொழியை மாணவராய்க் கற்றனர். மொழியில் குற்றமில்லை என்பதற்கு இதுவே சான்று.

மொழியில் குற்றமில்லை என்பது மட்டுமன்று. அது தமிழ்ச் செவிக்கு எளிதில் பழகக்கூடிய மொழியுமாம். ‘மைசூரு கரா கிமாஷிதா’ என்றால் மைசூரிலிருந்து வந்தேன். ஊர், வேற்றுமை உருபு, வினை என நம் வரிசையிலேயே சொற்கள் நிற்கின்றன. வினாவுக்கு நாம் ஈற்றில் ‘ஆ’ சேர்ப்பதுபோல் அவர்கள் ‘கா’ சேர்ப்பார்கள். இரு மொழிக்கும் உறவு உண்டென்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை. உறவு இருப்பினும் இல்லையெனினும், வழக்கங்களில் ஓர் ஒற்றுமை என் நெஞ்சைத் தொட்டது. வீட்டைவிட்டுப் புறப்படும் ஜப்பானியர் ‘இத்தே கிமாசு’ என்பார்கள். ‘இத்தே’ என்பது போய். ‘கிமாசு’ என்பது வருகிறேன். போய்வருகிறேன்! வீட்டிலிருப்போர் ‘இத்தே ராஷாய்’, போய்வருக என்பர். கன்னடத்தார் ‘ஹோகி பருத்தேனெ’ என்பதும் இதுவே. போகிறேன் என்று மட்டும் சொல்லக்கூடாது என்று நம் வீட்டுத் தாய்மார் கற்பிப்பதை, அங்குள்ள தாய்மாரும் கற்பிக்கின்றனர்.

தோட்ட வாசலில் லாரி ஏறிய தமிழனும் தன் மனைவியிடம் போய்வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பான். காவல் நின்ற வீரனும் அச்சொல்லைத் தன் தாயிடம் கற்றவனே. ஒரே சொல்லை உடைய இருவர் மாதக்கணக்கில் ஒரே பாதையில் நின்றும், அச்சொல் ஒன்றே அவர்களிடையே வழங்கவில்லை.

அப்பாதையில் ஒரு பகுதி இன்றும் தாய்லாந்தில் நாம்தோக் வரை ஓடுகின்றது. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் பெயர் பொறித்து நிற்கின்றன. நம்மவருக்கு அத்தகைய தனிக் கல்லறைகள் இல்லை. ஆனால் 1944இல் இறந்தோருக்காக ஜப்பானியப் படையினரே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று அங்கு உண்டு. அதில் பன்மொழிக் கல்வெட்டுகளுக்கிடையே தமிழும் இடம்பெற்றுள்ளது. உயிரோடு இருந்தவனிடம் பேசாத தமிழை, இறந்தபின் கல்லில் எழுதினர்.

காலம் மாறிற்று. தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்கவென்றே ஜப்பானியர் ஒருவர் 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தார். அவர் நொபொரு கராஷிமா. சென்னையிலும், உதகமண்டலத்துக் கல்வெட்டு அலுவலகத்திலும் பயின்று, சோழர் காலத்து நிலவுரிமையையும் ஊர் வாழ்க்கையையும் ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராயிருந்தவர் அவரே. 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2015இல் மறைந்தார். அவர் பயின்ற அந்தக் கல்வெட்டு அலுவலகம் 1966இல் நம் மைசூருக்கு மாறி வந்தது என்பது இச்சங்கத்தார்க்குப் பெருமை தரும் செய்தி.

பிடதி நிலையத்தில் வண்டி நின்றது. அந்த இளைஞர் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். யான் அவருக்குச் சயாமைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், இறங்குமுன் சற்றே தலைகுனிந்து, “இத்தே கிமாசு, மாமா” என்றார். மறுமொழி எனக்கு அப்போது வாயில் வரவில்லை. தமிழிலேயே “போய்வாப்பா” என்றேன்.

நம் பிள்ளைகள் ஜப்பானியம் கற்கட்டும், கன்னடத்தைப் பழுதறக் கற்கட்டும், எம்மொழியும் கற்கட்டும். அத்துடன், ஒரு காலத்தில் அதே சொற்களை அடியுண்டு கற்ற நம்மவரையும் அறிந்து கற்கட்டும். அயலார் நம் ஊருக்கு வந்து நம் மொழியைக் கற்க முற்படும்போது, அவர்கள் நம்மிடம் கேட்கும் முதற்சொல் ‘வருக’ என்பதாக இருக்கட்டும்.