மூசைக்குத் தப்பிய காசு

காசு உருவிற் சிறிது. அது கூறும் செய்தியோ பெரிது. ஏட்டில் எழுதியது, பெயர்த்தெழுதுவோர் கைப்பட்டு மாறவும் கூடும். காசோ, அடிக்கப்பெற்ற அந்நாளிற் பொறித்த எழுத்தையும் இலச்சினையையும் அவ்வாறே தாங்கி, பன்னூறாண்டு மண்ணுட் கிடந்து, ஒருநாள் எதிர்பாராவகையில் ஒருவர் கையை வந்தடைகின்றது. அக்கை பலகால் நம் மரபினராகிய தட்டார், கன்னார் கையாகவே இருத்தலின், இப்பொருள் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

எமக்குப் பத்து வயது நிரம்பிய காலத்து நிகழ்ந்தது இது. எம் பெரிய தந்தையார் கன்னார் தொழிலில் வல்லவர். குத்துவிளக்கு வார்த்தலிற் பெயர் பெற்றவர். ஒருநாள் மாலை, கிணறு தோண்டியோர் சிலர் களிம்பேறிய செப்புக்காசுகளை ஒரு பையிற் கொணர்ந்து அவர் பட்டறையில் எடைக்கு விற்றுச் சென்றனர். நிறுத்துப் பார்க்க, 2 கிலோவிற்குக் குறையாதிருந்தன. அன்றிரவே அவை மூசையிற் புகுந்து, துத்தநாகம் சேர்ந்து பித்தளையாகி, ஒரு குத்துவிளக்காயின. மறுநாட் காலை பட்டறையைப் பெருக்குகையில், துருத்தியின் அடியில் ஒரு காசு எம் கண்ணிற் பட்டது. அதனை எடுத்துச் சென்று ஆடுபுலி ஆட்டத்திற்குக் காயாக வைத்துக்கொண்டோம்.

பின்னர் யாம் புலவர் வகுப்பிற் பயின்ற காலை, அக்காசினை எம் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினோம். அவர் அதனை வெயிலிற் பிடித்து நெடிது நோக்கினார். ஒருபுறம் நின்ற உருவம்; மறுபுறம் அமர்ந்த உருவம்; அதன் அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்னும் பெயர். கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் பெயர் தாங்கிய காசு அது. எமக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆசிரியரோ, “தம்பி, இவ்வகைக் காசு மிகுதியாகக் கிடைப்பது, அரியதன்று. இதனோடு கிடந்த மற்றவை யாவை?” என்று வினவினார். யாம் விடை கூற இயலாது நின்றோம்.

அவ்வினாவின் பொருளை எமக்கு நன்குணர்த்தியது, மதுரைக் காசு ஒன்றின் வரலாறு. சங்ககாலத்து மூவேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனரோ என்னும் ஐயம் அறிஞரிடை நெடுநாள் நிலவியது. 1980களின் இடைப்பகுதியில், நாணயவியல் அறிஞரும் ‘தினமலர்’ ஆசிரியருமாக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், மதுரையிற் கிடைத்த பழங்காசுகளை ஆராய்ந்தபோது, சதுரமான ஒரு செப்புக்காசில் எழுத்திருத்தலைக் கண்டனர். ஒருபுறம் குதிரையும் அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தும்; மறுபுறம் கோடுகளால் அமைந்த மீன் வடிவம். அவ்வெழுத்து ‘பெருவழுதி’ என்பது.

வழுதி என்பது பாண்டியர்க்குரிய பெயர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, உக்கிரப் பெருவழுதி, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி எனச் சங்க நூல்களிற் காண்கின்றோம். காசிற் குறித்தவன் இவருள் யாவன் எனத் துணிதல் அரிது. எனினும், செய்யுளில் மட்டும் வாழ்ந்த ஒரு பெயர் செம்பிலும் உண்டு என்பது அன்று தெளிவாயிற்று. பின்னர்க் கரூரில், அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து, மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை என்னும் பெயர் தாங்கிய சேரர் காசுகளும் வெளிப்பட்டன. 1997இல் சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றி அவ்வறிஞர் ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டனர். அச்சதுரக் காசு எடைக்குப் போய் உருகியிருப்பின், ஐயம் ஐயமாகவே நீடித்திருக்கும் அன்றோ?

இனி, அக்காசுகளைச் செய்தோர் யாவர்? அச்சினை வெட்டி, எழுத்தை இடம்வலம் மாற்றிப் பொறித்து, செம்பினை உருக்கி நிறை பிழையாது அடித்தோர் நம் தொழில் முன்னோரே. காசு அடிக்கும் இடத்திற்கு அக்கசாலை என்றும், பொற்பணி செய்வோர்க்கு அக்கசாலையர் என்றும் பண்டையோர் பெயரிட்டனர். பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையின் அருகில் அக்கசாலை என்னும் ஊர் இன்றும் அப்பெயரோடே உளது. முன்னோர் அடித்த காசினைப் பின்னோராகிய நாமே அறியாது அழித்தல் தகுமோ? எம் பெரிய தந்தையாரைக் குறை கூறுகின்றோம் அல்லோம். அவருக்கு அதன் அருமையை எடுத்துரைத்தார் ஒருவரும் இலர். இன்று நாம் அவ்வாறு கூறித் தப்ப இயலாது.

ஆகவே, பட்டறை நடத்தும் அன்பர்கட்கு எம் வேண்டுகோள் இது. பழங்காசு வரின், உலையிலிடுமுன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். புளியிட்டுத் தேய்த்தலும் அமிலத்திற் போடுதலும் வேண்டா. களிம்போடு எழுத்தும் போய்விடும். எவ்வூரில், எந்நிலத்தில், எவற்றோடு கிடைத்தது எனக் கேட்டுக் குறித்து வையுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. அறிவித்தால் யாவும் பறிபோம் என அஞ்சுவோர் பலர். கண்டவருக்கும் நிலத்திற்குரியவருக்கும் பங்கு வகுத்தும், அரசு கொள்ளுமிடத்து விலை தருமாறு விதித்தும் உள்ளது அச்சட்டமே.

அன்று வார்த்த குத்துவிளக்கு இன்றும் எம் இல்லத்துப் பூசையறையில் எரிகின்றது. அதனை ஏற்றுந்தோறும், அதனுட் கரைந்த பெயர்கள் யாவையோ என்னும் எண்ணம் எமக்கு எழாமலில்லை. நம் மக்களேனும் அவ்வெண்ணத்தால் வருந்தாதிருக்குமாறு, இச்செய்தியை நும் இல்லத்தார்க்கும் பட்டறைத் தோழர்க்கும் படித்துக் காட்டுவீராக.