செபம் என்றொரு முணுமுணுப்பு

சிவன் கோயிலில் நடப்பது ஜபம். மாதா கோயிலில் நடப்பது ஜெபம். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், சொல்லன்பர்களே: ஓர் உயிரொலிதான் வேறுபாடு. வடமொழியில் வாய்க்குள் முணுமுணுத்தலைக் குறித்த அந்தச் சொல், தமிழ் நாவில் ஏறியதும், ஜயம் செயமாகவும் ஜகம் செகமாகவும் ஜன்மம் சென்மமாகவும் திரிந்த அதே வழியில், அகரம் எகரமாகிச் செபம் ஆயிற்று. கத்தோலிக்கர் பெரும்பாலும் செபம் என்றே எழுத, சீர்திருத்தச் சபையார் கிரந்த எழுத்தை விடாமல் ஜெபம் என்கிறார்கள். எகரம் இருவருக்கும் பொது.

முணுமுணுப்பு என்ற வேர்ப்பொருளை நான் கண்ணால் கண்டது என் ஆச்சியிடம். செபமாலை மணி விரலிடுக்கில் நகரும், ஒலி வராது, கீழுதடு மட்டும் அசையும். அந்த உதட்டைப் பார்த்துத்தான் செபிக்கக் கற்றேன்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்ததும் மனப்பாடமே. 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் தமிழ் நூலுக்குத் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பெயர். வளைதலைக் குறிக்கும் வணங்கு என்னும் வினை அதில் நிற்கிறது. இயேசு சொல்லித்தந்த செபத்துக்கோ பெயர்கள் பல: பரலோக மந்திரம், பரமண்டல ஜெபம், கர்த்தர் கற்பித்த செபம். கடைசிப் பெயர்தான் எனக்கு உயிர். எங்களுக்கும் கற்றுத்தாரும் என்று சீடருள் ஒருவர் கேட்டதை லூக்கா எழுதிவைத்தார். அந்தக் கேள்வியைக் ‘கற்பித்த’ என்ற ஒரே பெயரெச்சம் சுமக்கிறது. சொற்களை அடுக்கிப் பிதற்றாதீர்கள் என்றும் இயேசுவே சொன்னதாக மத்தேயு குறிக்கிறார். ஆகவே, திரும்பத் திரும்ப முணுமுணுத்தலில் பிறந்த சொல், தந்தையோடு பேசுதல் என்னும் பொருளுக்கு விரிய வேண்டியிருந்தது, விரிந்தும் விட்டது.

தமிழ் தன் கையிருப்பிலிருந்தும் கொடுத்தது. மன்று, ஆடு என்று பிரித்தால் மன்றாட்டில் ஓர் அவையே தெரியும்: ஊர் கூடிய இடத்தில் எழுந்து நின்று தன் வழக்கைச் சொல்லி முறையிடுபவர் ஒருவர். ஒருவர் முன்சொல்ல, எல்லாரும் மறுமொழி கூறும் மன்றாட்டு மாலையில் அந்த அவை இன்றும் கலையவில்லை.

பழைய மொழிபெயர்ப்பு ஜெபம்பண்ணுதல் என்ற இடத்தில், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இறைவனிடம் வேண்டுதல் என்கிறது. விரும்புதலும் கேட்டலும் வேண்டு என்ற ஒரே வினைக்குள் இருப்பதால், உள்ளத்தில் இல்லாததைத் தமிழில் வேண்டவே முடியாது. அதனோடு கொள் என்னும் துணைவினை சேர்ந்ததுதான் வீட்டுப் பேச்சில் எந்நேரமும் புழங்குவது.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் ஆச்சி” என்றேன் ஓர் இரவு, தூக்கக் கலக்கத்தில்.

“உனக்கா கேட்டேன்? கடலுக்குப் போன மாமாவுக்கு வேண்டிக்கோ ராசா.”

செய்பவனுக்கே பயன் சேர்வதைக் காட்டும் அந்தக் கொள், மாமாவுக்காகக் கேட்கும்போதும் சொல்லைவிட்டு விலகவில்லை.