மனத்தில் தங்கும் வடு

துன்பம் மனிதனைப் புடம்போடும் எனக் கூறுவோர், நம் தூத்துக்குடிக் கடலின் சிப்பியைச் சான்றாகக் காட்டுவதுண்டு. உள்ளே புகுந்து உறுத்தும் பொருளைச் சிப்பி முத்தாக்குகிறதன்றோ என்பர். ஆயினும், 1955 முதல் 1961 வரை இங்கு நடந்த முத்துச் சலாபங்களைக் கண்டோர் உண்மையை அறிவர். குவியல் குவியலாகச் சிப்பிகளைத் திறந்தும் கிட்டிய முத்துக்கள் சிலவே. எல்லா உறுத்தலும் முத்தாவதில்லை.

பள்ளியில் வலியோர் எளியோரை ஓயாது எள்ளுதலும், அடித்தலும், ஒதுக்கிவைத்தலும் நெடுங்காலம் பிள்ளை விளையாட்டு என்றே கருதப்பட்டன. 1970-களில் டான் ஓல்வியுஸ் என்னும் அறிஞர் ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதனை முறையாக ஆராயத் தொடங்கினார். 1982-இல் நார்வேயில் சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னர், 1983-இல் அந்நாடு தழுவிய தடுப்பியக்கம் தோன்றியது.

நம் நாட்டிலும் ஓர் உயிர் போன பின்னரே சட்டம் பிறந்தது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அதனை அடுத்து 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு இந்தியா முழுமைக்கும் விதிகள் வகுத்தது. ஆயினும், பள்ளிப்பிள்ளை பெரும்பாலும் வாய்மூடியே துயருறுகிறான்.

அத்துயர் பள்ளியோடு முடிவதும் இல்லை. இங்கிலாந்து முதலிய பகுதிகளில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்தோரை அரை நூற்றாண்டுக் காலம் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. சிறுவயதில் அடிக்கடி கொடுமைக்குள்ளானோரிடம், நடுவயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருந்தன. 1,420 பிள்ளைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வும் 2013-இல் இதனையொத்த முடிவையே கூறிற்று. காரணம் யாது? ‘நான் யார்?’ என்னும் வினாவுக்கு விடை தேடும் பருவம் வளரிளம் பருவம். அப்போது பிறர் நாள்தோறும் ஏளனம் செய்வாராயின், அவ்வேளனத்தையே தன் விடையாக மனம் ஏற்றுக்கொள்கிறது.

ஆயினும் இவ்வடு தலைவிதியன்று. முத்துக்குளித்தோர் துணையின்றிக் கடலில் இறங்கியதில்லை. மூச்சு முட்டியபோது கயிற்றை அசைத்தனர். படகில் இருந்தவர் உடனே மேலே இழுத்தார். கயிற்றை அசைப்பது கோழைத்தனம் என்று எவரும் இகழ்ந்ததில்லை. துன்புறும் மாணவனே, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. அருகிருந்து காணும் மாணவனே, கயிறு உன் கையில் இருக்கிறது. கண்டும் காணாததுபோல் இராதே.