உருளைக்கிழங்கு வெளிறலும் அதன் வரலாறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் உருளைக்கிழங்கு மாரிகாலத்துப் பயிராகும். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பழகிய உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிக் கமக்காரர், 1960களின் பிற்பகுதியில் அரசாங்கம் உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபின், இதனை ஆர்வத்தோடு பயிரிட்டனர். கார்த்திகையில் நட்டால் மாசியில் கிண்டலாம். இடையிலே மார்கழிப் பனியும் விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் வருகின்றன. அக்காலத்தில் இலையோரத்தில் நீர் ஊறினாற்போன்ற கரும்புள்ளி தோன்றுமாயின், அதிகாலையில் அவ்விலையைப் புரட்டிப் பார்க்கவேண்டும். அடிப்புறத்தில் மெல்லிய வெண்படலம் இருந்தால், வந்திருப்பது வெளிறல் நோய். மலைநாட்டைப் போலன்றிக் குடாநாடு வெப்பமானது என்பது ஓர் ஆறுதல். எனினும் குளிரும் ஈரமும் சில நாட்கள் சேர்ந்து நின்றால் செடிகள் கருகிவிடும். மழைநீரோடு மண்ணுள் இறங்கும் நோய்வித்துக்கள் கிழங்கையும் அழுகச் செய்யும்.

இந்நோய் ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றியது. 1845ஆம் ஆண்டில் அது அயர்லாந்திற் பரவியபோது, அந்நாட்டு ஏழைகளுக்கு உருளைக்கிழங்கே உணவாக இருந்தது. அதிலும் பெரும்பாலும் ஒரே இனத்தையே நட்டனர். கிழங்கை வெட்டி நட்டு வளர்க்கும் பயிரில் எல்லாச் செடிகளும் ஒரே தன்மையின. ஒன்றை வீழ்த்திய நோய் அனைத்தையும் வீழ்த்தியது. பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். நோய் மட்டுமே இதற்குக் காரணமன்று. மக்கள் பட்டினி கிடந்தபோதும் அந்நாட்டுத் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

நோயின் காரணம் பற்றி அறிஞர் சச்சரவிட்டனர். மிகுந்த மழையால் செடி நீர் கோத்து அழுகிற்று என்பது பலரது கொள்கை. இலையிற் காணும் பங்கசே காரணம் என்று 1846இல் வாதிட்டவர், மைல்ஸ் பெர்க்லி என்னும் ஆங்கிலக் குருவானவர். அவரை அன்று நம்பினோர் சிலரே. பின்னர் 1861இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி அதனைச் சோதனையால் நிறுவினார். இக்காலத்து அறிஞர் இவ்வுயிரை உண்மைப் பங்கசுகளினின்று பிரித்து, அல்காக்களுக்கு நெருங்கிய இனமாகக் கொள்கின்றனர்.

இப்பெர்க்லிக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்புண்டு. 1869இல் பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் அனுப்பிய நோயுற்ற கோப்பியிலைகளை ஆராய்ந்து, அதிலிருந்த பங்கசுக்குப் பெயரிட்டவரும் அவரே. அந்நோய் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அங்கு பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளரின் துன்பம் சொல்லுந்தரத்ததன்று. தேயிலை அதன்பின் பரவியது.

மருந்து கிடைத்ததோ தற்செயலாக. பிரான்சின் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் துரிசும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பர். அக்கொடிகளில் மட்டும் நோய் குறைந்திருப்பதைக் கண்ட மில்லார்டே, 1885இல் அதனை வெளியிட்டார். உருளைக்கிழங்குக்கும் அது பயன்பட்டது. அயர்லாந்துப் பஞ்சத்துக்கு நாற்பது ஆண்டு பிந்திவிட்டது.

வீட்டுத் தோட்டத்தார் இன்றும் அதனைத் தயாரிக்கலாம். நூறு லீற்றர் நீருக்கு ஒரு கிலோ துரிசும் ஒரு கிலோ சுண்ணாம்பும் போதும். இரண்டையும் உலோகமல்லாத பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து, துரிசு நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றவேண்டும். அன்றே தெளித்து முடிக்கவேண்டும். நோய் பரவிய பின்னன்று, ஈரக்காலம் தொடங்கும்போதே தெளிப்பது நன்று. துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் செந்நிறம் படிகிறதா என்று பார்க்கலாம். படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சிறிது சேர்க்கவேண்டும்.