குருத்தோலைக்கு ஒரு பனை

குருத்தோலை ஞாயிறன்று கடலூர்க் கோயில்களில் பிள்ளைகள் கையில் இன்று அசைவது பெரும்பாலும் தென்னங்குருத்து. பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து முந்தின நாளே கட்டுக்கட்டாக வேனில் வந்து இறங்கும். நான் சிறுவனாக இருந்தபோது பனங்குருத்துதான். உப்பனாற்றங்கரையில் நின்ற வடலிகள் என்ற இளம்பனைகளிலிருந்து பனையேறிகள் வெட்டிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, இந்த மாற்றம் சாதாரணமாகத் தோன்றவில்லை. பங்குப் பேரவையில் இப்போது "பசுமைக் கோயில்" என்று பேச்சு வருகிறது. கூரையில் சூரிய மின்தகடு, எல்.இ.டி. விளக்கு, மழைநீர்த் தொட்டி எல்லாம் வரட்டும், வேண்டியவைதான். ஆனால் நம் கோயில் வளாகத்தில் நின்ற பனையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இயேசு எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் கையில் பிடித்தது பேரீச்ச ஓலை. பேரீச்சை வளராத ஊர்களில் கிறிஸ்தவர்கள் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார்கள். இத்தாலியில் ஒலிவக் கிளை, போலந்திலும் ரஷ்யாவிலும் வில்லோக் கிளை. தமிழ்நாட்டில் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே பனை நின்றது. இங்கே எழுத்தும் பனையோலையில்தான் இருந்தது.

1740இல் கடலூருக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்திய சுவீடன்காரர் கீர்நாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.  அந்தக் காலத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வந்தார்கள். விருத்தாசலம் பக்கத்தில் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், தேம்பாவணியின் 3615 பாடல்களையும் தந்தது ஓலைக் காலத்தில். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு காட்ட அவர் செய்த திருத்தத்துக்கும் ஓலை எழுத்தின் சிக்கலே காரணம். குறிலைக் காட்ட ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள், நெடிலா குறிலா என்று படிக்கிறவர் தடுமாறுவார். சிதம்பரத்தில் தேவார ஏடுகள் பூட்டிய அறையில் கரையான் அரித்துக் கிடக்க, ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்று சைவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். கோயில் எந்தச் சமயத்துடையதானாலும், இந்த மாவட்டத்தில் அதன் நினைவைப் பல நூற்றாண்டு சுமந்தது பனை.

எங்கள் வீட்டில் குருத்தோலைச் சிலுவை பின்னியவர் அப்பா. பனங்குருத்து விசிறி மடிந்தது போல இருக்கும், வெண்மஞ்சள் நிறம், புது மரத்தின் வாசனை. முதலில் ஈர்க்கைக் கீறி எடுத்துவிடுவார். இரண்டு இலக்குகளை, அதாவது ஓலைக் கீற்றுகளை, குறுக்கே வைத்து, ஒன்றை மற்றொன்றின்மேல் மடித்து, நான்காவது மடிப்பை முதல் மடிப்புக்குள் செருகி இழுப்பார். நடுவில் சதுர முடிச்சு ஒன்று விழும். நூல் வேண்டாம், ஆணி வேண்டாம். ஒரு குருத்தில் அறுபது, எழுபது இலக்கு இருக்கும், தெருவுக்கே போதும். ஒரு வடலியில் ஒரு குருத்து எடுத்தால், அடுத்த குருத்து விரிகிறவரை அந்த மரத்தைத் தொடக் கூடாது என்பது பனையேறிகளின் ஒழுங்கு. மந்திரித்த சிலுவை நிலைக்கு மேலே வருஷம் முழுக்க இருக்கும். காய்ந்து பழுப்பேறும், உதிராது. அடுத்த தவக்காலம் நெருங்கும்போது கோயில்பிள்ளை வீடுவீடாக வந்து பழைய ஓலைகளைச் சேகரிப்பார். அவற்றை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று பங்குச் சாமி எங்கள் நெற்றியில் பூசுவது. ஓலை வந்தது, வணங்கப்பட்டது, சாம்பலாகி நெற்றிக்குப் போனது. குப்பை என்று ஒன்று அங்கே விழவே இல்லை.

காய்க்கும் தென்னை, குருத்து வெட்டுவதை வடலியைப் போலத் தாங்காது. தென்னையின் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். விரியாத குருத்தை வெட்டினால் மரத்தின் வளர்ச்சியிலும் காய்ப்பிலும் கை வைக்கிறோம். பத்துப் பதினைந்து பங்குகளுக்கு ஒரே வாரத்தில் குருத்து அனுப்பும் தோப்புக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

இதை எங்கள் ஊர்க் கவலை என்று மட்டும் நினைக்க வேண்டாம். கொலம்பியாவின் மலைகளில் மெழுகுப்பனை என்று ஒரு மரம் உண்டு, பனை வகைகளிலேயே உயரமானது. 1985இல் அதை நாட்டு மரமாக அறிவித்தார்கள். குருத்தோலை ஞாயிறுக்காக அதன் குருத்துகளை வெட்டி வெட்டி, அந்த மரத்தில் கூடு கட்டும் மஞ்சள்காதுக் கிளி கிட்டத்தட்ட அற்றுப்போயிற்று. 1999இல் ஆய்வாளர்கள் தேடிக் கண்டது 81 பறவைகள். பிறகு திருச்சபையும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து, மெழுகுப்பனையைத் தொடாதீர்கள், வேறு ஓலை பிடியுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். மக்கள் கேட்டார்கள். கிளிகள் ஆயிரத்தைத் தாண்டிப் பெருகின. ஒரு வழிபாட்டு வழக்கம் ஒரு உயிரை அழிக்கவும் முடியும், காக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எங்கள் பனை எப்படிப் போனது? முதலில் செங்கல் சூளைக்குப் போனது. விறகு விலைக்கு மரத்தைக் கேட்டு வாங்கி, அறுத்து லாரியில் ஏற்றினார்கள். 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. மரம் ஏறிப் பிழைத்தவர்கள் கட்டட வேலைக்கும் வெளியூருக்கும் போனார்கள். ஏற ஆள் இல்லாத பனை வெட்ட வேண்டிய பனையாகிவிட்டது. மாநில மரம் என்ற பெயர் அதைக் காப்பாற்றவில்லை. 2021இல்தான் ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு சொன்னது. பனை அழிவதற்குக் கோயில்காரர்களான நாமும் துணைபோனோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வண்டி நிறுத்தக் கல் பாவ, வளாகத்துப் பனைகளை வெட்டிய பங்கு ஒன்றை எனக்குத் தெரியும். மதில் ஓரத்தில் நின்றவை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. திருவிழாவுக்கு ஓலைத் தோரணத்தின் இடத்தில் பிளாஸ்டிக் கொடி, பலகையின் இடத்தில் ஃபிளெக்ஸ். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் அன்னதானத்துக்குப் பிளாஸ்டிக் தம்ளர் வருகிறது.

பனையின் உறுதியை நாங்கள் கண்ணால் கண்ட நாள் ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் எங்கள் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தபோது முந்திரியும் பலாவும் தென்னையும் வேரோடு கிடந்தன. பண்ருட்டிப் பக்கத்தில் தலைமுறைகள் வளர்த்த பலா மரங்கள் கிடந்த கிடப்பை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும். நான் பார்த்த இடங்களில் பனைகள் நின்றன. கடற்கரை ஓர ஊர்களில் பனை நட வேண்டும் என்பதற்கு வேறு வாதம் எனக்குத் தேவைப்படவில்லை.

பனைக்காகப் பேசுகிற போதகர்களும் இருக்கிறார்கள். காட்சன் சாமுவேல் மும்பையிலிருந்து குமரி மாவட்டம் வரை பைக்கில் பனையைத் தேடிப் பயணம் செய்து "பனைமரச் சாலை" என்று நூலே எழுதினார். அண்டை விழுப்புரம் மாவட்டத்தில் பனையேறும் இளைஞர்கள் மறுபடியும் கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் கோயில்கள் இன்னும் அசையவில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் "இறைவா உமக்கே புகழ்" சுற்றுமடலில் பூமியைப் பொது வீடு என்று சொன்னதை மறையுரையில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வாசலில் பிளாஸ்டிக் தோரணத்தின் கீழே நடந்து வீட்டுக்குப் போகிறோம்.

செய்ய வேண்டியது கடினமில்லை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். மழை தொடங்குமுன் மதில் ஓரமாகப் பத்தடிக்கு ஒன்றாக ஒரு சாண் ஆழத்தில் ஊன்றுங்கள். ஆடு, மாடு தொடாமல் முதல் சில வருஷம் பார்த்துக்கொண்டால் போதும், பிறகு தண்ணீரும் கேட்காது. வடலி ஆனதும் குருத்து தரும். நுங்கு தரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும், அதற்குள் இன்றைய மறைக்கல்விப் பிள்ளைகள் பங்குப் பேரவையில் இருப்பார்கள். பெரிய வெள்ளிக் கஞ்சியைப் பனையோலைப் பட்டையில் ஊற்றுங்கள். அடுத்த வருஷத்துக்குத் தென்னங்குருத்து வேனுக்குச் சொல்லும்முன், பக்கத்துக் கிராமத்துப் பனையேறி யாரையாவது கண்டுபிடித்துக் கூலி கொடுத்து ஓலை வாங்குங்கள். எங்கள் பங்கில் சிலர் இந்தப் புரட்டாசிக்கு விதை சேர்த்து வைக்கிறோம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்தக் கோயில் கேட்டாலும் தருவோம், கேட்டு வாருங்கள்.